வாக்களிக்கும் வயது வராதவர்கள் இணையம் வழியே அரசின் முடிவுகளில் பங்கேற்க முடியுமா?

முடியும். முடிவெடுப்பதற்கு முன்பே மக்களின் யோசனைகளைக் கேட்டுப் பதிவு செய்யும் அரசு இணையதளங்கள் இதற்காகவே இருக்கின்றன. எனக்குப் பிடித்த உதாரணம், தைவான் அரசு 2015இல் தொடங்கிய ‘ஜாயின்’ தளம். அதில் ஒரு கோரிக்கையை 60 நாட்களுக்குள் 5,000 பேர் ஆதரித்தால், சம்பந்தப்பட்ட அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2017இல், ‘எனக்கு யானையைப் பிடிக்கும், யானைக்கு என்னைப் பிடிக்கும்’ என்ற புனைபெயரில் ஒருவர், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாத்திரங்களைப் படிப்படியாகத் தடை செய்யக் கோரினார். ஆதரவு 5,000ஐத் தாண்டியது. அதிகாரிகள் பேச அழைத்தபோது வந்து நின்றவர் 16 வயதுப் பள்ளி மாணவி! குடிமையியல் வகுப்புக்காக எழுதிய கோரிக்கை அது. 2019 ஜூலையில் அரசு அலுவலகங்கள், பள்ளிகள், துரித உணவகங்கள் போன்ற இடங்களில், அமர்ந்து அருந்துவோருக்குப் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் தருவது தடை செய்யப்பட்டது.

இது பலிக்கக் காரணம், எல்லாமே வெளிப்படையாக நடப்பதுதான். பூட்டிய பெட்டிக்குள் போட்ட மனு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. தெருமுனைச் சுவரில் ஒட்டிய மனுவையோ ஊரே படிக்கும்; எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், பதில் வந்ததா என்று எண்ணிப் பார்க்கும். எழுதியவரின் வயது அங்கே தடையாவதில்லை.

5,000 பேர் ஆதரித்தாலே கோரிக்கை சட்டமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; அந்த எண்ணிக்கை பெற்றுத் தருவது பதில் கேட்கும் உரிமையை மட்டுமே, கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் அமைச்சகத்தின் கையில்தான் இருக்கிறது.