பாலைவன டவுன்ஹில் பந்தயம்: எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

கேள்வி: இரண்டு வருடமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். என்னிடம் இருப்பது 140 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள, ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் பொதுவான டிரெயில் பைக். இன்னும் மூன்று மாதத்தில் பாலைவன மலைச் சரிவில் நடக்கும் டவுன்ஹில் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். இதற்கென்று தனியாக ஒரு டவுன்ஹில் பைக் வாங்க வேண்டுமா? வாங்கினால் வேறு எதற்கும் பணம் மிஞ்சாது.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கடைசி வரிதான் காரணம். ஹெல்மெட், டயர், பிரேக் இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில்தான் சைக்கிளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டவுன்ஹில் பைக் ஒரே ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது. முன்னும் பின்னும் 200 மி.மீ. வரை அமுங்கும் சஸ்பென்ஷன், முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கிரவுன் ஃபோர்க் (மேலும் கீழும் இரண்டு பிடிகள் உள்ள கவை), நன்றாகச் சாய்ந்த முன்பகுதி எல்லாமே இறக்கத்துக்கானவை. ஏற்றத்தில் அதை மிதித்துக்கொண்டு போக முடியாது. வண்டியில் ஏற்றி மலை உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்ட வேண்டும். பந்தயம் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியும் முன்பே அதில் மொத்தப் பணத்தையும் போட்டால், பிறகு அது வீட்டு மூலையில் நிற்கும்.

அதற்காக 140 மி.மீ. பைக்கிலேயே இறங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் நெவாடாவில், போல்டர் சிட்டிக்குப் பக்கத்தில் பூட்லெக் கேன்யன் என்ற இடம் இருக்கிறது. பாலைவன டவுன்ஹில்லுக்குப் பேர்போன இடம். அங்கே மெத்தென்ற மண் கிடையாது. கூரான பாறை, பெயர்ந்து கிடக்கும் கல், அதன் மேல் வழுக்கும் சரளை. உங்கள் பாதையும் அந்த மாதிரிதான் என்றால் வாடகைக்கு ஒரு டவுன்ஹில் பைக் எடுப்பதே புத்திசாலித்தனம். எடுக்கும் முன் ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். வாடகைக்கு எடுத்த சைக்கிளைப் பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்று பல கடைகள் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சொல்லாமல் ஓட்டி எதையாவது உடைத்தால் மொத்தச் செலவும் உங்கள் தலையில் விழும். "பந்தயத்துக்குத்தான் எடுக்கிறேன்" என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி நாளுக்கும் சேர்த்து எடுங்கள். பழக்கமில்லாத சைக்கிளில் நேராகப் போட்டிக்கு இறங்குவது ஆபத்து.

சைக்கிளைக் கையில் வாங்கியதும் ரிம், ஃபிரேம், ஃபோர்க் எல்லாவற்றையும் நெருக்கமாகப் போட்டோ எடுத்து, அங்கேயே நின்று கடைக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டேன். பின் ரிம்மில் ஏற்கெனவே இருந்த நெளிவுக்கு என் டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் காட்ட ஒரு படம்கூட இல்லை.

செகண்ட் ஹேண்டில் மலிவாக ஒன்று கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அந்தக் கீறல் வழியாக எண்ணெய் கசியும், தூசி உள்ளே போகும். கார்பன் ஃபிரேம் என்றால் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். முன் சக்கரம் எறியும் கல் படுவது அங்கேதான். அலுமினியம் என்றால் ஹெட் டியூப் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) பக்கத்து வெல்டிங்கைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்தும் போகாத மெல்லிய அழுக்குக் கோடு பெரும்பாலும் விரிசல். பழைய ரசீது கிடைத்தாலும் வாரண்டியை நம்பி வாங்காதீர்கள். பல நிறுவனங்கள் அதை முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் தருகின்றன.

கேள்வி: பாலைவனத்தில் பஞ்சர் ஆகாமல் பந்தயத்தை முடிப்பதே பெரிய விஷயம் என்கிறார்கள். எந்த டயர் வாங்குவது? டியூப்லெஸ் என்றால் கவலையில்லை அல்லவா?

பதில்: டியூப்லெஸ் கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. பாலைவனத்தில் டயருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று முள். அமெரிக்கப் பாலைவனங்களில் 'ஆட்டுத்தலை' என்று சைக்கிள்காரர்கள் பயப்படும் முள் வேறு எதுவுமில்லை, நெருஞ்சிதான். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். இந்த ஓட்டையை டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் அடைத்துவிடும். இரண்டாவது எதிரி பாறை. வேகமாக வந்து கூரான கல்லில் மோதும்போது, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கி அறுபடும். பக்கச்சுவர் கிழிந்தால் எந்தச் சீலன்ட்டாலும் அடைக்க முடியாது.

அதனால் கடையில் டயரின் பெயரைவிட அதன் சுவரைப் பற்றிக் கேளுங்கள். ஒரே பெயரில், ஒரே பட்டை அமைப்பில், லேசான சுவர் உள்ள டயரும் இருக்கும், இரட்டை அடுக்கு டவுன்ஹில் சுவர் உள்ளதும் இருக்கும். இந்த இரண்டாவது வகை டயர் ஒன்றே 1.2 கிலோவுக்கு மேல் இருக்கும். எடையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இறக்கத்தில் அது தடையாகாது. பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் பின் சக்கரத்துக்கு முதலில் மாற்றுங்கள். ரிம்மில் அதிகம் அடி வாங்குவது அதுதான். டயருக்குள் ரிம்மைச் சுற்றிப் போடும் நுரை வளையமும் நல்ல காவல்.

அடுத்து சீலன்ட். பெரும்பாலானவை ரப்பர் பால் கலந்த திரவம். சாதாரணமாக இரண்டு முதல் ஆறு மாதம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் போட்டிருப்பார்கள். வறண்ட வெப்பத்தில் அந்தக் கணக்கு செல்லாது, சில வாரத்திலேயே கட்டியாகிவிடும். சக்கரத்தைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே திரவம் அசையும் சத்தம் கேட்கவில்லை என்றால் தீர்ந்துவிட்டது. பந்தயத்துக்கு முந்தைய வாரம் புதிதாக ஊற்றிவிடுங்கள்.

காற்று விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பாலைவனத்தில் விடியற்காலை குளிரும், நண்பகல் கொளுத்தும். காலையில் 10 டிகிரி செல்சியஸில் 25 பி.எஸ்.ஐ. காற்று அடித்து வைத்தால், 35 டிகிரியில் அதே டயரில் 28-க்கு மேல் இருக்கும். யாரும் கைவைக்காமலே மூன்று, மூன்றரை பி.எஸ்.ஐ. ஏறிவிடும். வெயிலில் நிறுத்திய கறுப்பு டயர் இன்னும் சூடாகும். அவ்வளவு காற்றில் சரளை மேல் டயர் பிடிக்காமல் துள்ளும். ஆகவே உங்கள் முறை வருவதற்குச் சற்று முன்பு, நிழலில் வைத்து, மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். இதற்குப் பம்பில் அழுத்தம் காட்டும் மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். 160 பி.எஸ்.ஐ. வரை காட்டும் முள்ளால் 25-க்கும் 28-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகக் காட்ட முடியாது. குறைந்த அழுத்தத்துக்கான டிஜிட்டல் மீட்டர் தனியாக விற்கிறது. இந்தப் பட்டியலிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் பொருள் அதுதான் என்பேன்.

கேள்வி: ஆன்லைனில் முழு முகம் மூடும் ஹெல்மெட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. 'சான்றிதழ் பெற்றது' என்றும் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: எந்தச் சான்றிதழ் என்று பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஈ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. மட்டும் இருந்தால், அவை சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுக்கான தரங்கள். தாடைப் பகுதியை அவற்றில் சோதிப்பதில்லை. டவுன்ஹில் பந்தயத்துக்கென்றே இருக்கும் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1952. அதில் அடியும் பலமாக இருக்கும், தாடைக் கம்பியையும் தனியாகச் சோதிப்பார்கள். முகம் மூடியிருப்பதாலேயே முகத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எண் இல்லாத ஹெல்மெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பழைய ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் நுரை ஒரு அடிக்குத்தான். நசுங்கியிருந்தாலும் வெளியில் தெரியாது. புதியதை வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விழுந்து உடைந்த ஹெல்மெட்டுக்குப் பதிலாகத் தள்ளுபடியில் புதியது தரும் திட்டம் பல தயாரிப்பாளர்களிடம் உண்டு, ரசீது இல்லாமல் நடக்காது. பூட்டிய காருக்குள் வெயிலில் ஹெல்மெட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சூடு நுரையையும் பசையையும் கெடுக்கும்.

முதுகுக் காப்புக்கும் ஓர் எண் இருக்கிறது: ஈ.என். 1621-2. அதில் முதல் நிலை என்றால் அடியின் விசையில் சராசரி 18 கிலோநியூட்டன் வரை உடம்புக்குப் போகலாம், இரண்டாம் நிலையில் 9 வரைதான். இரண்டுக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டுப்படியானால் இரண்டாம் நிலையையே எடுங்கள். முழங்கால் காப்பும் முழுவிரல் கையுறையும் இல்லாமல் பயிற்சிக்குக்கூட இறங்காதீர்கள். பாறையில் உராய்ந்தால் தோல் தனியாக வந்துவிடும்.

கேள்வி: கண்ணுக்குச் சாதாரண வெயில் கண்ணாடி போதுமா?

பதில்: போதாது. தூசி பக்கவாட்டில் புகும். ஹெல்மெட்டோடு இடைவெளியின்றிப் பொருந்தும் காகிள்ஸ் வேண்டும், கடைக்கு ஹெல்மெட்டையும் எடுத்துப் போங்கள். அப்புறம், கிட்டில் ஒரு சீப்பும் முள் பிடுங்கியும் போட்டுக்கொள்ளுங்கள். சோயா (cholla) என்ற பாலைவனக் கள்ளியின் துண்டு உடம்பில் ஒட்டினால் கையால் இழுக்கக்கூடாது, கையிலும் ஏறிக்கொள்ளும். சீப்பை அடியில் கொடுத்துத் தட்டிவிட வேண்டும்.

கேள்வி: பந்தயத்துக்கு முன்னால் 'ஃபுல் சர்வீஸ்' செய்யச் சொல்லிக் கடையில் வற்புறுத்துகிறார்கள். தேவையா?

பதில்: எல்லாம் தேவையில்லை, பிரேக் தேவை. பிரேக் திரவம் டாட் (DOT) வகை என்றால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் கொதித்தால் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும், வண்டி நிற்காது. மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஊற்றக்கூடாது, டாட் பிரேக்கில் மினரல் ஆயிலும் கூடாது. இரண்டிலும் சீல்கள் கெட்டுவிடும். கடைக்காரர் எந்தப் புட்டியை எடுக்கிறார் என்று நின்று பாருங்கள். வெப்பம் தாங்கும் மெட்டல் பேடு போடச் சொல்லுங்கள்.

ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அவ்வளவு ஓட்டவில்லை என்றால் இப்போது விட்டுவிட்டு, பந்தயத் தூசி ஏறிய பிறகு செய்யுங்கள். செயினுக்கு வறண்ட நிலத்துக்கான எண்ணெய் அல்லது மெழுகு போதும். பிசுபிசுப்பானது தூசியைச் சேர்த்து அரைக்கும்.

கேள்வி: காற்று பலமாக அடித்தால் பந்தயத்தை ரத்து செய்வார்களாம். நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? அடிபட்டால் பயணக் காப்பீடு உதவுமா?

பதில்: பணம் கட்டும் முன் விதிமுறைப் பக்கத்தில் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகத் தேடுங்கள்: அவர்கள் ரத்து செய்தால் என்ன, நீங்கள் விலகினால் என்ன. பல இடங்களில் பணமாகத் தர மாட்டார்கள், அடுத்த பந்தயத்துக்கு மாற்றித் தருவார்கள். உங்களுக்கு அடுத்த முறை வர முடியாது என்றால் அந்தச் சலுகையால் பயனில்லை. ஆகவே திரும்பப் பெற முடியாத விமானச் சீட்டையும் அறையையும் இப்போதே எடுக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே பேர் கொடுத்துவிட்டதால் இன்றைக்கே அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள், பின்னால் மாற்றினாலும் நீங்கள் ஒப்புக்கொண்டது எது என்று காட்டலாம்.

காப்பீட்டில்தான் எனக்கு உண்மையான கவலை. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, 'போட்டி', 'பந்தயம்' என்ற சொற்களைப் போட்டு அவற்றை விலக்கிவிடும். 'சாகச விளையாட்டு உண்டு' என்று விளம்பரத்தில் இருந்தாலும் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் மட்டும் என்று உள்ளே இருக்கும். "நேரம் கணக்கிடப்படும் டவுன்ஹில் சைக்கிள் பந்தயத்தில் அடிபட்டால் மருத்துவச் செலவும், மலையிலிருந்து தூக்கிவரும் மீட்புச் செலவும் கிடைக்குமா?" என்று இதே சொற்களில் மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் 'உண்டு' என்று சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். பந்தய அமைப்பாளர்களே ஒருநாள் காப்பீடு தருகிறார்களா என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள், மூன்று மாதம் சீக்கிரம் ஓடிவிடும்.