முதல் பாய்மரக் கப்பல் மாடலாக எதை வாங்குவது?

கேள்வி: விமான மாடல்கள் சிலவற்றைச் செய்து பழகியிருக்கிறேன். அடுத்ததாகப் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ கப்பலைப் பிளாஸ்டிக் கிட்டில் செய்ய ஆசைப்படுகிறேன். 1/225 அளவுள்ள கிட் சிறியது, விலையும் குறைவு, அதனால் புதியவர்களுக்கு அதுவே எளிது என்கிறார் கடைக்காரர். 1/100 அளவுள்ள பழைய கிட் ஒன்றை ‘இனிமேல் கிடைக்காது’ என்று சொல்லி இணையத்தில் ஒருவர் பல மடங்கு விலைக்கு விற்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டையுமே வாங்க வேண்டாம். சிறியது எளிது என்ற பேச்சு விமானத்துக்கு ஓரளவு பொருந்தும். பாய்மரக் கப்பலுக்குப் பொருந்தாது. விமான மாடலில் ஒட்டி, வண்ணம் பூசி முடித்தால் வேலை முடிந்தது. கப்பலிலோ கயிறு கட்டும் வேலை, அதாவது மொத்த உழைப்பில் பெரும்பகுதி, அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1765-இல் இங்கிலாந்தின் சாத்தம் துறையில் நீரில் இறக்கப்பட்டு இன்று போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் விக்டரியில், அது கடலில் ஓடிய நாட்களில், மூன்று பாய்மரங்களும், 37 பாய்களும், ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளக் கயிறும் இருந்தன. அதன் பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 57 மீட்டர். அது 1/100 அளவில் 57 சென்டிமீட்டராகவும், 1/225 அளவில் 25 சென்டிமீட்டராகவும் சுருங்கும். ஆனால் போட வேண்டிய முடிச்சுகளின் எண்ணிக்கை சுருங்குவதில்லை. உண்மைக் கப்பலில் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள கயிறு, 1/225 அளவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த நூலை, விரல் நுழையாத இடுக்கில், ஏற்கெனவே கட்டியவற்றை அறுத்துவிடாமல் முடிச்சிடுவது கைதேர்ந்தவர்களுக்கே சோதனை. புதியவர்களிடம் இந்தக் கிட்டைத் தள்ளிவிடும் கடைக்காரர்களில் எத்தனை பேர் ஒரு கப்பலையாவது முழுமையாகக் கயிறு கட்டி முடித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

1/100 விக்டரி பிரெஞ்சு நிறுவனமான ஹெல்லரின் தயாரிப்பு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் கொண்ட அருமையான கிட் அது. ஆனால் பாய்மரங்களின் பக்கவாட்டு ஏணிக் கயிறுகளைக்கூடச் சிறு தறி ஒன்றில் நீங்களே பின்னிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் கிட்டை முதல் கப்பலாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த விற்பனையாளர் சொல்லும் ‘இனிமேல் கிடைக்காது’ என்ற வாசகத்தையும் நம்பாதீர்கள். கிட்டுகளை வார்க்கும் எஃகு அச்சுகள் பல பதிற்றாண்டுகள் உழைப்பவை. நிறுவனங்கள் அவற்றைச் சில ஆண்டுகள் ஓய்வில் வைத்துவிட்டு மறுபடி வார்த்து விற்கின்றன. எழுபதுகளில் வந்த ஹெல்லர் விக்டரியும் அப்படி மீண்டும் மீண்டும் வந்ததுதான். இடைப்பட்ட காலத்தில் பெட்டிகளைப் பதுக்கி வைத்து, அரிய பொருள் என்று பெயர் சூட்டி விலையேற்றுவதையே சிலர் தொழிலாக வைத்திருக்கிறார்கள். பிரிக்காத பெட்டி என்பதும் உத்தரவாதம் ஆகாது. உள்ளே கப்பலுடலின் இரு பாதிகளும் முறுக்கிக்கொண்டு ஒன்றோடொன்று பொருந்தாமல் போயிருக்கலாம், நூல் மட்கியிருக்கலாம். பாகங்கள் அனைத்தையும் அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு பரப்பிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெட்டியின் மேலுள்ள பெயரும் படமும் உள்ளே இருக்கும் கப்பலுக்குச் சான்று அல்ல. டார்வின் 1831 முதல் 1836 வரை பயணம் செய்த ‘பீகிள்’ என்று ரெவெல் நிறுவனம் விற்ற கிட்டை எடுத்துக்கொள்வோம். அது அதே நிறுவனத்தின் ‘பவுண்டி’ கப்பலுடைய 1956-ஆம் ஆண்டு அச்சைச் சிறிது மாற்றி வார்த்தது. பவுண்டி, வணிகக் கப்பலாகக் கட்டப்பட்டுக் கடற்படை வாங்கிய கலம். பீகிளோ போர்க்கப்பலாகவே கட்டப்பட்டு 1820-இல் நீரில் இறங்கியது. இரண்டும் ஏறத்தாழ 90 அடி நீளமுள்ளவை. அப்படியிருக்க ஒரு பெட்டியில் 1/110 என்றும் மற்றதில் 1/96 என்றும் அச்சிட்டிருப்பதைக் கண்டாலே, ஒரே உடல் இரு கணக்குக்கும் பொருந்தாது என்பது சாதாரணக் கூட்டல் கழித்தலில் விளங்கிவிடும்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்வது நியாயம். ரெவெலின் 1/96 ‘தெர்மோபைலி’யும் அதே நிறுவனத்தின் ‘கட்டி சார்க்’ அச்சிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அந்த இரண்டும் தேயிலை ஏற்றி ஓடிய போட்டிக் கப்பல்கள். தெர்மோபைலி 1868-இலும் கட்டி சார்க் 1869-இலும் நீரில் இறங்கின. இரண்டின் நீளமும் 212 அடியை ஒட்டியது, அகலமும் 36 அடியை ஒட்டியது. இரண்டும் இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை வேய்ந்தவை. 1872-இல் ஷாங்காயிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு, கட்டி சார்க் சுக்கானை இழந்ததால் தெர்மோபைலி ஒரு வாரம் முந்தி லண்டன் சேர்ந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே உடலின் வளைவு வேறுபடும் என்பது உண்மை. நுணுக்கம் பார்ப்பவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். இருந்தாலும் பச்சை உடலும் வெண்ணிறப் பாய்மரங்களும் கொண்ட தெர்மோபைலியை அலமாரியில் பார்க்க விரும்புகிறவர் அந்தக் கிட்டை மனசாட்சியோடு வாங்கலாம். பீகிளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தயாரித்த தேதியைக் கேட்டு வாங்குகிறோம். கிட்டின் பெட்டியில் அச்சு எந்த ஆண்டுடையது என்று குறிப்பிட வேண்டும் என எந்த நாட்டுச் சட்டமும் கேட்பதாகத் தெரியவில்லை. நம் சுங்கத் துறையின் பட்டியலோ அளவு குறைத்த மாடல்களையும் குழந்தைகளின் பொம்மைகளையும் ஒரே தலைப்பில் வைத்திருக்கிறது. அந்தத் தலைப்புக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் கைவினையை விளையாட்டுச் சாமானாக எண்ணுகிற இந்தப் போக்கினால் நேர்மையான கடைகள் இறக்குமதியைக் குறைத்துக்கொள்ள, இடைத்தரகர்களின் கைதான் ஓங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் வரியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே விலையை ஒப்பிடுங்கள்.

இனி நீங்கள் வாங்க வேண்டியது. ஒற்றைப் பாய்மரம் கொண்ட ஒரு கப்பலில் தொடங்குங்கள். ரஷ்ய நிறுவனமான ஸ்வெஸ்தாவின் 1/72 ஹான்சா வணிகக் கப்பலோ (இடைக்கால வட ஐரோப்பிய வணிகர்களின் கலம்) ரெவெலின் 1/50 வைக்கிங் கப்பலோ போதும். கயிறுகள் குறைவு, நூல் கண்ணுக்குத் தெரியும் தடிமனில் இருக்கும், பிழையானால் அவிழ்த்துக் கட்டலாம். பருத்தி நூல் நம் ஊர் ஈரப்பதத்தில் இறுகியும் தளர்ந்தும் போவதால் பாலியஸ்டர் நூலையே பயன்படுத்துங்கள். நூலை வலுவாக இழுத்தால் பிளாஸ்டிக் பாய்மரம் வளையும். அதன் இரு பாதிகளை ஒட்டும்போதே உள்ளே பித்தளைக் கம்பி ஒன்றை வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. கிட்டோடு வரும் பிளாஸ்டிக் பாய்கள் தடித்துப் பளபளக்கும். அவற்றை விட்டுவிட்டு வெறும் குறுக்குமரங்களோடு நிறுத்தினால் கப்பல் இன்னும் அழகாக இருக்கும்.

அதை முடித்த பின்னும் விக்டரியின் மீதான ஆசை குறையவில்லை என்றால் பிரிட்டிஷ் நிறுவனமான ஏர்ஃபிக்ஸின் 1/180 கிட்டை வாங்குங்கள். அதுவும் பழைய அச்சுதான், பிசிறுகளைச் சீவிச் சீராக்க வேண்டியிருக்கும். ஆனால் பீரங்கித் தளமே 30 சென்டிமீட்டரைத் தாண்டுவதால் விரலுக்கு இடம் கிடைக்கும். வண்ணம் பூசும்போது மட்டும் பழைய பெட்டிப் படத்திலுள்ள அடர்மஞ்சளைப் பின்பற்றாதீர்கள். கப்பலில் படிந்திருந்த பழைய வண்ண அடுக்குகளை ஆராய்ந்து, 1805-இல் டிராஃபல்கர் போரின்போது இருந்த நிறம் இளஞ்சிவப்பு கலந்த வெளிர்மஞ்சள் என்று கண்டறிந்து, 2015-இல் உண்மைக் கப்பலுக்கே அந்த நிறத்தைப் பூசிவிட்டார்கள்.