மூழ்கினாலும் பிழைக்கும் நெல்: கேள்வி பதில்

மன்னார்குடி வாசகர்: சார், விதைக்கடையில் 'சி.ஆர். 1009 சப் 1' என்று தருகிறார்கள். பழைய 1009-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வெள்ளம்தான் வித்தியாசம். பயிர் முழுக்க மூழ்கினால் பழையது ஒரு வாரத்தில் அழுக ஆரம்பிக்கும். இது சுமார் இரண்டு வாரம் தாங்கும். மற்றபடி அதே சம்பாப் பட்டத்து நீண்ட வயசு, அதே குண்டு அரிசி.

சிதம்பரம் வாசகி: தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கிக்கொள்ளுமா?

கிட்டத்தட்ட! சாதாரண நெல் மூழ்கியதும் தலையை வெளியே நீட்டப் பார்த்து விறுவிறுவென நீளும். இருக்கிற சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சி.ஆர். 1009 சப் 1 போல சப்1ஏ மரபணு உள்ள பயிர் நீளாமல் சும்மா இருக்கும். மிச்சம் பிடித்த சத்தை வைத்து வடிந்தபின் துளிர்க்கும். இந்தக் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ நெல்லிலிருந்து வந்தது. தாங்கும், ஆனால் விளைச்சல் சுமார். அதனால் அதன் குணத்தை மட்டும் நல்ல ரகங்களுக்கு மாற்றப் பல வருஷம் போராடினார்கள். 2006-இல் மரபணு எதுவென்று உறுதியானது. 2009-இல், ஸ்வர்ணா என்ற ரகத்தில் இந்தக் குணத்தைச் சேர்த்த ஸ்வர்ணா சப் 1 இந்தியாவில் வெளியானது.

அதே வாசகி: அப்படியென்றால் மரபணு மாற்றுப் பயிரா?

இல்லை. நெல்லோடு நெல்லை மகரந்தம் சேர்த்து உருவாக்கியதுதான். கலப்பின நெல்லும் அல்ல; கலப்பில்லாமல் அறுத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைக்கலாம்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: நம் பாரம்பரிய நெல் மடுமுழுங்கி இருக்க, இது எதற்கு?

நல்ல கேள்வி. மடுமுழுங்கி நெடுநெடுவென வளர்ந்து தண்ணீருக்கு மேலே நிற்கும். வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். குட்டையான சப் 1 அங்கே திணறும். திடீரென ஏறி, பத்துப் பன்னிரண்டு நாளில் வடியும் வெள்ளத்துக்குத்தான் இது.

நாகை வாசகர்: பூக்கும்போது மூழ்கினால்? கடல் தண்ணீர் ஏறினால்?

இரண்டுக்கும் கைகொடுக்காது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

சீர்காழி வாசகர்: வடிந்த மறுநாளே யூரியா போடலாமா?

அவசரப்படாதீர்கள். புதுத் துளிர் தெரியட்டும். அப்புறம் யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து, வயலில் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொருவர்: சின்ன விவசாயிக்கு நிஜமாகவே லாபமா?

ஒடிசாவில் ஸ்வர்ணா சப் 1-ஐ விவசாயிகளின் வயலிலேயே வைத்துப் பார்த்தார்கள். அங்கே பட்டியல் சாதியினரின் வயல்கள்தான் வெள்ளம் அடிக்கடி ஏறும் தாழ்ந்த நிலத்தில் மற்றவர்களுடையதைவிட அதிகமாக இருக்கின்றன. பலனும் அவர்களுக்கே கூடுதலாகக் கிடைக்கும் என்று 2013-இல் வந்த அந்த ஆய்வு சொன்னது. மேட்டு வயல்காரருக்கு இந்த விதையால் பெரிதாக ஒன்றுமில்லை.