அந்தக் கோல் கீப்பரின் பிழையா?

கேள்வி: அன்புள்ள ஐயா, நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். எங்கள் உதைபந்தாட்டக் கழகம் சென்ற மாதம் ஓர் இறுதிப் போட்டியில் 1–0 என்று தோற்றது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் விழுந்த கோல். எதிரணி த்ரோ எறிந்தது. அவர்களின் வலப்பக்க விங்கர் எங்கள் பெக்கை (தடுப்பு வீரரை)த் தாண்டி வந்தான். கோலுக்கு முன்னால் நிற்கிற தன் ஆளுக்குக் கிறாஸ் போடப்போகிறான் என்று எல்லோரும் நினைக்க, நேரே கோலுக்கு அடித்துவிட்டான். பந்து ஒரு முறை தரையில் குத்தி, கீப்பருக்கும் நியர் போஸ்ட்டுக்கும் (விங்கருக்குக் கிட்ட இருந்த கம்பத்துக்கும்) நடுவால் உள்ளே போனது. "நியர் போஸ்ட்டால் விட்டால் கீப்பர் பிழைதான், அவன் பாயக்கூட இல்லை" என்கிறார் என் மச்சான். நான் இல்லை என்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் இதே சண்டை. கீப்பர் 19 வயதுப் பையன், மூதூரிலிருந்து வந்து விளையாடுபவன். "வெளியாளை நிறுத்தினால் இப்படித்தான்" என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை. வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், உவர்மலை

பதில்: தம்பி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் கேட்ட தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கீப்பர் ஓர் அடி பிழை விட்டான். மச்சான் பார்த்தது உண்மை. ஆனால் அந்தக் கோலை முழுதாக அவன் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதுவும் 'பாயவில்லை' என்பதைக் காரணமாகச் சொல்வது முற்றிலும் தவறு.

நியர் போஸ்ட் கீப்பரின் பொறுப்பு என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோலின் அகலம் 7.32 மீற்றர். அதை முழுதாக மறைக்க யாராலும் முடியாது. பந்து பக்கவாட்டிலிருந்து வரும்போது கிட்ட இருக்கிற கம்பத்தை ஒட்டி நின்றால், அடிப்பவனுக்குத் தூரக் கம்பம்தான் மிஞ்சும். அங்கே போகப் பந்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், நடுவில் நிற்கிற டிபென்டர் ஒருவர் காலை நீட்டித் தடுக்கவும் வாய்ப்பு உண்டு. கிட்டக் கம்பத்தால் போகிற பந்துக்கு அந்த உதவி எதுவும் இல்லை. மச்சான் சொல்கிற விதி இப்படித்தான் வந்தது, நல்ல விதிதான். ஆனால் அது எங்கே நிற்க வேண்டும் என்று கீப்பருக்குச் சொல்லிக்கொடுக்கிற விதி. அந்தப் பக்கத்தால் விழுகிற ஒவ்வொரு கோலுக்கும் கீப்பரைக் குற்றவாளியாக்க அது போதாது.

இனி அந்த ஓர் அடியைப் பார்ப்போம். விங்கர் காலைத் தூக்குகிற கணத்தில் வீடியோவை நிறுத்துங்கள். உங்கள் பையனின் இடது கால் கோலின் நடுப்பக்கம் நகர்கிறது. கிறாஸை எதிர்பார்த்து நகர்ந்திருக்கிறான். ஏன் எதிர்பார்த்தான் என்று அதே படத்தில் தெரிகிறது. தூரக் கம்பத்தடியில் எதிரணிக்காரன் ஒருவன் யாருமே பக்கத்தில் இல்லாமல் கையைத் தூக்கிப் பந்து கேட்கிறான். அவனைப் பிடிக்க வேண்டிய சென்டர் பெக் பல அடி பின்னால் ஓடி வருகிறார். அந்த ஆள் தனியாக நிற்காவிட்டால் கீப்பர் அசைந்திருக்கவே மாட்டான் என்று நினைக்கிறேன். மச்சானும் நீங்களும் ஷூட் அடிபட்ட பிறகு நடந்ததை வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள். அந்தக் கோல் தொடங்கியது த்ரோவில். ஒரே ஆளைப் பிடிக்க உங்கள் வீரர்கள் இரண்டு பேர் போனார்கள், விங்கர் அவிழ்ந்து ஓடினான். இடப்பக்க பெக்குக்குப் பின்னால் உதவிக்கு யாரும் வரவில்லை. இதைப் பற்றிக் குழுவில் ஒருவராவது எழுதினாரா?

'பாயவில்லை' என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பாய வேண்டுமானால், பந்து அடிபடுகிற நேரத்தில் இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிற உடம்பை நிறுத்தி, மறுபக்கம் திருப்பித் தள்ள நேரம் வேண்டும். பத்து மீற்றரிலிருந்து மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற பந்துக்கு அரை விநாடிகூட எடுக்காது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி, பந்து எங்கே வருகிறது என்று கண்டு உடம்பு அசையத் தொடங்குவதற்கே போய்விடும். மிச்சத்தில் அவனால் செய்ய முடிந்தது கையை இறக்குவது மட்டும். அதைச் செய்தும் இருக்கிறான், வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. காலடி பிழைத்தது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சோம்பேறித்தனமாக நின்றான் என்று சொல்லாதீர்கள்.

பாய்வதைப் பார்த்தால் பார்வையாளர்களுக்கு ஒரு திருப்தி வருகிறது. 2007 இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். நடுவில் நின்றுகொண்டிருப்பதே கீப்பருக்கு அதிகம் பலன் தரும் என்று கணக்கு சொன்னது. இருந்தும் கீப்பர்கள் நடுவில் நின்றது 6.3 வீதம் மட்டுமே. பாய்ந்து கோல் விட்டால் 'முயன்றான்' என்பார்கள், நின்று கோல் விட்டால் 'சும்மா நின்றான்' என்பார்கள், அந்தப் பயம்தான் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். உங்கள் குழுவில் நடப்பதும் இதுதான்.

தரையையும் மறக்க வேண்டாம். இந்தப் பருவத்தில் நம்முடைய மைதானங்களில் புல் கருகி, மண் இறுகிக் கிடக்கிறது. கச்சான் காற்று வேறு. குத்திய பந்து எவ்வளவு எழும்பும் என்று கீப்பரால் நம்பிக் கை வைக்க முடியாது. உங்கள் வீடியோவில் பந்து கைக்கு மேலால் எழும்பிப் போகிறது. தரைதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஏறக்குறைய இதே கோல் ஒரு மனிதருடைய வாழ்க்கையையே அழித்திருக்கிறது. 1950 உலகக் கிண்ணம், ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம். உருகுவேக்கு எதிராகப் பிரேசிலுக்குச் சமநிலை போதும், கிண்ணம் கைக்கு வந்துவிடும். முதல் கோல் பிரேசிலுக்கு. பிறகு உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கத்தால் ஓடிவந்து பந்தைக் கொடுக்க, ஸ்கியாஃபினோ அடித்துச் சமப்படுத்தினார். 79ஆவது நிமிடத்தில் கிஜ்ஜியா மறுபடியும் அதே பக்கத்தால், அதே பெக்கான பிகோஜியைத் தாண்டி வந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னர் நடந்ததே மறுபடி நடக்கப்போகிறது என்று எண்ணிய கீப்பர் பார்போசா, கிறாஸுக்காக நகர்ந்தார். கிஜ்ஜியா நியர் போஸ்ட்டால் அடித்தார். 2–1.

ஒரே பக்கத்தால், ஒரே ஆள், ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை தாண்டி வந்தார். அதைச் சரிசெய்யாதது ஓர் அணியின் தவறு. பிரேசில் அப்படிப் பார்க்கவில்லை. பார்போசாவும் பிகோஜியும் இன்னொரு பெக்கான ஜுவெனாலும் பழி சுமந்தார்கள். மூன்று பேரும் கறுப்பின வீரர்கள். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பார்போசா 2000 இல் இறக்கும்வரை அந்த ஒரு கோல் அவரை விடவில்லை. 'எங்கள் நாட்டில் அதிகபட்சச் சிறைத்தண்டனையே 30 வருடம்தான், நான் 50 வருடமாக அனுபவிக்கிறேன்' என்ற பொருளில் கடைசிக் காலத்தில் அவர் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கோபப்படுத்திய வரி 'வெளியாளை நிறுத்தினால் இப்படித்தான்' என்பது. கீப்பர் பிழையா இல்லையா என்று ரசிகர்கள் வாதாடுவது விளையாட்டின் பகுதி, அதில் எனக்கும் விருப்பம் உண்டு. ஆனால் அந்த வரியில் உதைபந்து எங்கே இருக்கிறது? போட்டிக்கு முன்பு அவன் தடுத்த பந்துகளுக்கு 'மூதூர்ப் பையன்' என்று யாராவது கைதட்டினார்களா, அல்லது 'எங்கள் கீப்பர்' என்றார்களா? அதை எழுதியவரிடம் குழுவிலேயே, எல்லோரும் பார்க்க, நீங்கள் கேட்க வேண்டும். இவ்வளவு நாளும் கேட்காமல் நியர் போஸ்ட் பற்றி வாதாடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள் தம்பி, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

கீப்பருக்குப் பிழையே வராது என்பதும் என் கட்சியல்ல. 2002 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்து நேரே ஜெர்மனிக் கீப்பர் ஒலிவர் கானின் கைக்குத்தான் வந்தது. நழுவவிட்டார், ரொனால்டோ ஓடிவந்து அடித்தார். அது கீப்பர் பிழை, அவர் விரல் காயத்தைச் சாக்காகச் சொல்லவும் இல்லை. அந்தப் போட்டித் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தும் அவருக்கே கிடைத்தது. உங்கள் பையனின் அடி அவ்வளவு வெளிப்படையான பிழையல்ல. ஆனாலும் திருத்த வேண்டியதுதான்.

அப்புறம், அவனிடம் போகும்போது 'உன் பிழை எதுவுமே இல்லை' என்று ஆறுதல் சொல்லாதீர்கள். நம்ப மாட்டான். அந்த அடி அவனுக்குத் தெரியும், உங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தூரக் கம்பத்தில் ஒருவன் தனியாக நின்றதையும் த்ரோவில் நடந்ததையும் வீடியோவில் காட்டுங்கள். பெக்கும் சென்டர் பெக்கும் தங்கள் பங்கைத் தங்கள் வாயாலேயே அவனிடம் சொல்லட்டும். அது உங்கள் பேச்சைவிடப் பத்து மடங்கு வேலை செய்யும்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். வலைக்கயிறு இரண்டு துண்டு எடுத்து, இரண்டு கம்பங்களிலும் கட்டி, மறுமுனைகளைப் பந்து இருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடியுங்கள். அந்த இரண்டு கயிற்றுக்கும் நடுவில் கீப்பர் நிற்க வேண்டும். பந்தை அந்த விங்கர் அடித்த இடத்துக்கு நகர்த்தி, கயிறுகள் எப்படி மாறுகின்றன என்று அவனே பார்க்கட்டும். பிறகு கயிற்றைக் கழற்றிவிட்டு அதே இடத்திலிருந்து சிலவற்றைக் கிறாஸாகவும் சிலவற்றை ஷூட்டாகவும் அடியுங்கள், எது வரும் என்று முன்கூட்டிச் சொல்லாமல். கால் ஊன்றிக் காத்திருக்கப் பழகிவிடுவான்.

மச்சானோடு சண்டையை இப்போதைக்கு நிறுத்துங்கள். இந்த ஞாயிறு இரண்டு பேருமாகக் கிண்ணியாப் பாலத்தால் மூதூருக்குப் போய் அவனைக் கூட்டி வாருங்கள். மச்சான் வரத்தான் வேண்டும், அந்தக் குழுவில் அதிகம் எழுதியவர் அவர்தானே.