63 வயதில் கன்னட வகுப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் 31 வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 63. போன வருடம் நானும் மனைவியும் பெங்களூரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பேரனைப் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது எங்கள் பொறுப்பு.

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னட வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். இங்கேயே குடியிருக்கும் ஒரு பெண் காசு வாங்காமல் சொல்லித் தருகிறார். அவருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. மகள் வற்புறுத்தியதால் சேர்ந்தேன். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளைகள், கடகடவென்று பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கோ கன்னடத்தில் நான்கு 'க' இருப்பதே காதில் விழவில்லை. ஐந்தாவது வாரம் கடைக்காரரிடம் பேசுவதுபோல எழுந்து பேசச் சொன்னார். பாதியில் வாக்கியம் தமிழாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, தெரியும். ஆனாலும் 31 வருடம் பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்டவனுக்கு அது தாங்கவில்லை. அதற்கப்புறம் போகவில்லை.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வயதுக்கு மேல் மூளை புது மொழியை ஏற்காது என்று ஆராய்ச்சியே இருக்கிறதாம். தவிர, இங்கே காய்கறிக்காரர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் தமிழ் தெரிகிறது. இந்த வயதில் இது தேவைதானா? நீங்களும் பெங்களூரில் கன்னடம் கற்றதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், பெங்களூரு

•

அன்புள்ள ஐயா,

திரும்பப் போங்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம்.

நான் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு 51 வயது. அதற்கு முன் ஒன்பது வருடம் ஹலசூரில் இருந்தேன். அல்சூர் என்று நாம் சொல்லும் இடம். அங்கே ஒரு சொல் கன்னடம் தெரியாமல் ஆயுசு முழுக்க இருந்துவிடலாம். ஏரிக்கரையில் திருவள்ளுவரே உட்கார்ந்திருக்கிறார். 1991இல் வைத்த சிலை, 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். சர்வக்ஞர் யார் என்றே எனக்கு அப்போது தெரியாது. குறளுக்கு ஈரடி என்றால் அவருடைய திரிபதிக்கு மூன்றடி. எங்கள் வகுப்பில் ஒரு நாள் ஆசிரியை அதில் ஒன்றைச் சொல்லி விளக்கியபோது, இத்தனை வருடம் இதன் பக்கத்திலேயே குடியிருந்தோமே என்று மனசு கனத்துவிட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஹலசூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியை ஒட்டிப் பலாத்தோப்பு இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். ஹலசு என்றால் பலா. முதலில் இருக்கும் 'ஹ'வை எடுத்துவிட்டு 'ப'வை வையுங்கள். ஹாலு பால் ஆகும். ஹுலி புலி, ஹல்லு பல், ஹாவு பாம்பு, ஹத்து பத்து, ஹுளி புளி. ஹெஸரு என்று வகுப்பில் முதல் நாளே கேட்டிருப்பீர்கள், அது நம் பெயர்தான். பழைய கன்னடத்தில் இவையெல்லாம் 'ப'வில்தான் தொடங்கின, பிற்பாடுதான் 'ஹ' ஆயின. வடமொழிச் சொற்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பூஜெ எப்போதும் பூஜெதான், புஸ்தகம் புஸ்தகதான்.

இதேபோல நம்முடைய 'வ' அங்கே 'கம்பு' என்பதில் வரும் 'ப' ஆகிவிடும். வாழை பாளெ, வெண்ணெய் பெண்ணெ, வெல்லம் பெல்ல, வேர் பேரு, வெயில் பிஸிலு. நம் 'ச' சில இடங்களில் 'க'வாக இருக்கும். செவி கிவி, சேரி கேரி. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் காதில் விழும் சொற்களைத் திருப்பிப் பாருங்கள். 31 வருடம் இலக்கணம் நடத்தியவருக்கு இது பொழுதுபோக்கு மாதிரி. வட இந்தியாவிலிருந்து வந்த பையன் ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டும். நீங்கள் அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

அடையாளம் கண்டுவிட்டோம் என்று நினைத்து ஏமாறும் இடங்களும் உண்டு. மாடு என்றால் 'செய்', மரியாதையாகச் சொன்னால் மாடி. பன்னி என்றால் 'வாருங்கள்', சொப்பு என்றால் கீரை. இல்லி என்றால் 'இங்கே', நாம் பழக்கத்தில் 'இல்லை' என்று எடுத்துக்கொள்வோம். இன்னொன்று, நாம் – நாங்கள் என்று நீங்கள் வகுப்பில் வகுப்பாகச் சொல்லிக்கொடுத்த வேறுபாடு இன்றைய கன்னடத்தில் கிடையாது. இரண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான்.

நான்கு 'க' பற்றி எழுதியிருந்தீர்கள். நான்கையும் ஒரே நேரத்தில் பிடிக்க நினைக்காதீர்கள். மூச்சை அழுத்திச் சொல்லும் மகாப்பிராண எழுத்துகள் பெரும்பாலும் வடமொழிச் சொற்களில்தான் வரும். சாதாரணப் பேச்சில் கன்னடர்களே பல பேர் அவற்றை அழுத்திச் சொல்வதில்லை. அவை பிறகு வரட்டும். கடலில் வரும் 'க'வுக்கும் தங்கத்தில் வரும் 'க'வுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அந்த இரண்டு ஒலியும் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, நம் எழுத்தில்தான் தனித்தனியாக இல்லை. கன்னடத்தில் புலியின் உடம்பிலுள்ள வரியும் நாம் உடுத்தும் துணியும் வேறு வேறு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'பட்டெ' என்றுதான் வரும். நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் நான்கு மாதம் அப்படித்தான் செய்தேன், அந்த நான்கு மாதமும் வீண். கன்னடத்துக்கு மொத்தம் 49 எழுத்து. கர்நாடகத்தில் 2015இல் வந்த சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கற்றுத்தர வேண்டும், ஆகவே உங்கள் பேரனும் இதையேதான் எழுதிப் பழக வேண்டும். அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

காது விஷயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதாகும்போது மெய்யெழுத்துகளின் நுண்ணிய ஒலிகள்தான் முதலில் மங்கும். எதிரொலிக்கிற கூடத்தில் இன்னும் மோசம். முன் வரிசையில், ஆசிரியையின் வாய் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். முடிந்தால் ஒரு முறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். மூளையின் குறை என்று நினைப்பது பல நேரம் காதின் குறையாக இருக்கும்.

நீங்கள் குறிப்பிடும் ஆராய்ச்சி 2018இல் அமெரிக்காவில் வெளியானது என்று நினைக்கிறேன். சுமார் 6,70,000 பேரை வைத்துச் செய்தார்கள். ஆங்கில இலக்கணத்தைப் பிசகில்லாமல் பிடித்துக்கொள்ளும் திறன் 17, 18 வயதுக்குப் பிறகு குறைகிறது என்று சொன்னார்கள். அந்தக் கணக்குப்படி உங்கள் வகுப்பில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகளுக்கும் காலம் கடந்துவிட்டது! அது பிறந்த மண்ணின் ஆளைப்போலப் பேசுவது பற்றிய ஆராய்ச்சி. கீரை வாங்குவது, பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பேசுவது, பெயர்ப் பலகை படிப்பது, இவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஐந்து வாரத்தில் வரவில்லை என்றும் வருத்தப்படாதீர்கள். மைசூரில் மத்திய அரசின் தென்மண்டல மொழி மையம் இருக்கிறது. மற்ற மாநிலப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே தங்கி ஒரு தென்னிந்திய மொழியைப் படிக்கிறார்கள். முழுநேரப் படிப்பு, அதற்கே பத்து மாதம். நமக்கு வாரம் ஒன்றரை மணி நேரம். எனக்குத் தடுமாறாமல் நாலு வாக்கியம் பேச ஒன்றரை வருடம் ஆனது.

எல்லோருக்கும் தமிழ் தெரிகிறதே என்று கேட்டீர்களே, பெங்களூரில் கன்னடம் வராமல் போவதற்குக் காரணமே அதுதான். நாம் ஒரு வாக்கியம் தொடங்கி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் நமக்காகத் தமிழுக்கு மாறிவிடுவார். அந்த அன்புக்கு எப்படிக் குறுக்கே நிற்பது என்று தெரியாமல் ரொம்ப நாள் தவித்தேன். எங்கள் தெருமுனையில் கீரை விற்கும் அம்மாவும் என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஒரு நாள் துணிந்து, 'நன்ன ஜொதெ கன்னடதல்லே மாத்தாடி' என்று கேட்டேன். என்னோடு கன்னடத்திலேயே பேசுங்கள் என்று. அவர் அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்றால், அன்றிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. மெந்த்ய சொப்பு, ஹரவெ சொப்பு என்று ஒவ்வொரு கட்டாக எடுத்துக் காட்டுவார். நான் 'கொடு' என்றால் 'கொடி' என்று மரியாதையாகச் சொல்லித் திருத்துவார். காலையில் பார்த்தால் முதலில் 'திண்டி ஆய்த்தா?', மதியமென்றால் 'ஊட்டா ஆய்த்தா?'. ஆய்த்து வேறொன்றுமில்லை, நம் 'ஆயிற்று'.

அந்த வருடம் ஐப்பசியில் என் அம்மா இறந்துபோனார். இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். கீரைக்காரம்மா 'எல்லி ஹோகித்ரி?' என்று கேட்டார். எங்கே போயிருந்தேன் என்று சொல்ல என்னிடம் கன்னடத்தில் வார்த்தை இல்லை. வகுப்பில் விலை கேட்கவும் வழி கேட்கவும் சொல்லித் தந்திருந்தார்கள், இதை யாரும் சொல்லித் தரவில்லை. 'அம்ம இல்ல' என்றேன். அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு, 'தீர்கொண்ட்ரா?' என்று கேட்டார். அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனால் 'தீர்ந்து' என்ற பாதி நம்முடையது, அதனால் புரிந்தது. தலையாட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் தமிழிலேயே கேட்டிருக்கலாம், அவருக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்டுக்கொண்டதை அந்த நேரத்திலும் அவர் மறக்கவில்லை.

கடைசியாக, அந்தச் சிரிப்பு. உங்களுக்கு அது வலித்தது நியாயம்தான். ஒருவர் எழுந்து நின்று தடுமாறும்போது மற்றவர்கள் சிரிப்பது, எந்த எண்ணத்தோடு என்றாலும், கூடாது. அதை அந்த ஆசிரியையிடம் நேரில் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்பது சங்கடமாக இருக்கிறது, முதல் மூன்று மாதம் இருவர் இருவராகப் பேசவிட்டால் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு ஜோடி கொல்கத்தாவிலிருந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு பாட்டி. இருவருக்கும் பொது மொழி என்று எதுவும் இல்லாததால் கன்னடம் தவிர வேறு வழியில்லாமல் பேசினோம். நீங்களும் வகுப்பு நடத்தியவர், அந்தப் பெண் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர். நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார் என்றே நம்புகிறேன். அந்த வகுப்பு சரிப்படவே இல்லை என்றால், கர்நாடக அரசின் கன்னட அபிவிருத்தி பிராதிகாரம் (கன்னட வளர்ச்சி ஆணையம்) நடத்தும் கன்னட கலிகா கேந்திரம், அதாவது கன்னடம் கற்கும் மையம், பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். கன்னடம் தெரியாதவர்களுக்காகவே நடத்துகிறார்கள்.

உங்கள் மனைவியையும் வகுப்புக்குக் கூட்டிப் போங்கள். வீட்டிலேயே ஒரு ஜோடி கிடைத்துவிடும். இந்த ஞாயிறு கீழே இறங்கும்போது வாசலில் இருக்கும் காவலாளியிடம் 'திண்டி ஆய்த்தா?' என்று கேட்டுவிட்டுப் போங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.