ஃபிரிட்ஜுக்குக் கேஸ் போடும் முன் வோல்ட் பாருங்கள்

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். வீல்ஹவுஸில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இருக்கிறது. எங்கள் ஓட்டுநரின் இன்சுலினை அதில்தான் வைக்கிறோம். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதிலிருந்து ஒரு கோளாறு. இன்ஜின் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. நங்கூரம் போட்டு இன்ஜினை நிறுத்தினால் சில விநாடிகள் ஓடி நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் மறுபடி கிளம்பி, மறுபடி நிற்கிறது. பேட்டரியில் 12.3 வோல்ட் காட்டுகிறது. கேஸ் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். கேஸ் குறைந்த ஃபிரிட்ஜ் இப்படி விட்டுவிட்டு நிற்காது. போதிய குளிர்ச்சியை எட்ட முடியாமல் ஓயாமல் ஓடும். உள்ளே குளிர்தகட்டின் ஒரு பகுதியில் மட்டும் பனி படியும். உங்களுடையதோ, இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தரும்போது ஒழுங்காக ஓடுகிறது, பேட்டரியை மட்டும் நம்பும்போது நிற்கிறது. கேஸ் குறைந்திருந்தால் இன்ஜின் ஓடும்போதும் குளிர்ந்திருக்காது. சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை.

இந்த வகை ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் டான்ஃபாஸ் கம்ப்ரசர் இருக்கும். இப்போது அது செகாப் என்ற பெயரில் வருகிறது. அதன் பக்கத்தில் பொருத்தியிருக்கும் கன்ட்ரோலர், பேட்டரி அடியோடு இறங்கிவிடாமல் காக்கும் வேலையையும் செய்கிறது. வழக்கமான அமைப்பில், தன் முனைகளுக்கு வரும் மின்னழுத்தம் 10.4 வோல்ட்டுக்கு இறங்கினால் கம்ப்ரசரை நிறுத்திவிடும். 11.7க்கு ஏறினால்தான் மறுபடி ஓட விடும்.

நீங்கள் பார்த்த 12.3 வோல்ட், பேட்டரி சும்மா இருக்கும்போது காட்டுவது. கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுக்கும்போது நிலைமை வேறு. பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி, 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஃபிரிட்ஜ் இருந்தால், போக வர 12 மீட்டர் வயரிலேயே 0.7 வோல்ட் போய்விடும். களிம்பேறிய ஃப்யூஸ் ஹோல்டர் இன்னொரு பங்கை எடுத்துக்கொள்ளும். தடைக்காலத்தின் 61 நாளும் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி என்றால் அதுவும் தன் பங்குக்குத் தொய்யும். கம்ப்ரசர் நின்றதும் இழுப்பு இல்லை, மின்னழுத்தம் ஏறிவிடுகிறது. கன்ட்ரோலர் மறுபடி ஓட விடுகிறது. நீங்கள் பார்க்கும் ஓட்டமும் நிறுத்தமும் இதுதான்.

இதை உறுதிசெய்ய ஒரு மல்டிமீட்டரும் உதவிக்கு ஓர் ஆளும் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டு, மீட்டரின் இரு முனைகளையும் கன்ட்ரோலரின் பிளஸ், மைனஸ் திருகுகளில் வையுங்கள். மற்றவர் ஃபிரிட்ஜைப் போடட்டும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் எண் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். பிறகு பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வைத்து அதையே செய்யுங்கள். பேட்டரியில் 12 நிற்க, கன்ட்ரோலரில் 10.5 என்றால் குற்றவாளி வழியில் இருக்கிறது. இரண்டிலும் சேர்ந்தே விழுந்தால் பேட்டரிதான்.

வழியில் எங்கே என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதைக் கன்ட்ரோலர் பிளஸ்ஸிலும் வையுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது காட்டும் எண், அந்தப் பாதையில் தொலைந்த மின்னழுத்தம். அரை வோல்ட் காட்டினாலே அதிகம். மைனஸ் பக்கத்தையும் இப்படியே பாருங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பிறகு வயர் நுனியில் மாட்டியிருக்கும் உலோக முனை (லக்) அருகே வயரின் உறையை ஓர் அங்குலம் சீவுங்கள். செம்பு சிவப்பாகப் பளபளக்க வேண்டும். கறுத்திருந்தால் உப்புநீர் உறைக்குள் ஊடுருவிவிட்டது. சுரண்டித் துடைத்துப் பயனில்லை, முழு வயரையும் மாற்றுங்கள்.

புதிய வயர் 4 மீட்டர் வரை 4 சதுர மில்லிமீட்டர், 6 மீட்டர் வரை 6 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். விளக்கும் வயர்லெஸ்ஸும் ஓடும் ஸ்விட்ச் பலகையிலிருந்து எடுக்காமல், நேராகப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக இழுங்கள்.

கன்ட்ரோலரில் எல்.இ.டி. இருந்தால் அது மினுக்குவதை எண்ணுங்கள். ஒரு முறை என்றால் மின்னழுத்தம், இரண்டு என்றால் விசிறி, மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை, நான்கு என்றால் பளு தாங்காமல் வேகம் குறைகிறது, ஐந்து என்றால் கன்ட்ரோலர் சூடேறிவிட்டது. ஐந்து வந்தால், வெப்பத்தை வெளியே விடும் கன்டென்சரில் படிந்த உப்பையும் தூசியையும் மென்மையான தூரிகையால் துடைத்து, காற்றுப் போக வழி விடுங்கள். இது டான்ஃபாஸ், செகாப் கன்ட்ரோலர்களுக்கான கணக்கு. வேறு பெயர் போட்டிருந்தால் அதற்குரிய கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சரியாகும் வரை இன்சுலினை ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆனால் ஐஸ் மீது படவே கூடாது. துணியில் சுற்றி டப்பாவில் போட்டு வையுங்கள். உறைந்துபோன இன்சுலின், பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் பயன்படாது. இதை ஓட்டுநரிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள்.

வயரையும் பேட்டரியையும் சரிசெய்த பிறகும் மூன்று மினுக்கல் தொடர்ந்தால், ஃபிரிட்ஜை அணைத்துச் சற்று நேரம் விடுங்கள். உள்ளே அழுத்தம் சமனாகட்டும். அப்போதும் கிளம்பாவிட்டால், கம்ப்ரசரைக் கைகழுவும் முன் வேறொரு கன்ட்ரோலரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் குழாயில் கை வைப்பது கடைசி வேலை. இந்தச் சிறிய ஃபிரிட்ஜ்களுக்குச் சில பத்து கிராம் கேஸ்தான் கணக்கு. எடை பார்க்காமல் ஏற்றினால் நன்றாக இருந்ததும் கெடும். லேபிளில் ஆர் 600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றும் கேஸ், காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடித்தட்டில் தேங்கும். கேஸ் குழாயைப் படகுக்குள் வைத்து வெல்டிங் செய்ய யாரையும் விடாதீர்கள்; ஃபிரிட்ஜைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய்ச் செய்யச் சொல்லுங்கள்.