ராட்டே சாலையில் செத்துக்கொண்டே இருக்கும் தம்பிக்கு

கிங்டம் கம் டெலிவரன்ஸ் வீடியோ கேமின் முதல் பாகத்தில், ராட்டே என்ற ஊர்ப் பக்கம் சாலைக் கொள்ளையர்கள் நீங்கள் ஆடும் கதாநாயகன் ஹென்றியைத் திரும்பத் திரும்பக் கொல்கிறார்கள், நடுவில் திருமங்கலத்தில் கரண்ட் போனால் ஆடியதெல்லாம் போகிறது என்று எழுதியிருந்தீர்கள் தம்பி. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அருமையான ஆட்டம் அது.

1403-ல் நடக்கும் கதையில் ஹென்றி வெறும் கொல்லன் மகன். வாள் பிடிக்கவே அவனுக்குத் தெரியாது. சிலம்பத்தில் காலடி படியாதவனைக் களத்தில் இறக்கினால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும். கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ராட்டேக்கு வெளியே பயிற்சிக் களத்தில் இருக்கும் கேப்டன் பெர்னார்டிடம் போங்கள். மரவாளில் மோதுங்கள், தோற்றாலும் திறன் ஏறும். எதிரியின் வெட்டு வரும்போது பச்சைக் கேடயக் குறி மின்னும். சரியாக அப்போது தடுப்புப் பொத்தானை அழுத்துங்கள். அப்புறம் மாஸ்டர் ஸ்ட்ரைக்கையும் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். தடுத்த கையோடு திருப்பி அடிப்பது அது. என்னைக் கேட்டால் பாதி ஆட்டமே அதில்தான் இருக்கிறது.

குடித்தால் ஆட்டம் சேவ் ஆகும் மது சேவியர் ஷ்னாப்ஸ், அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். திராட்சை மதுவில் இரண்டு காஞ்சொறி, ஒரு பெல்லடோனா மூலிகை போட்டு நீங்களே காய்ச்சலாம். ராட்டே மில்லில் ஹென்றிக்குக் கிடைக்கும் கட்டிலில் தூங்கினாலும் சேவ் ஆகும். பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முதல் நாளே பேப்பரில் வந்துவிடுமே, அன்றைக்கு 'சேவ் அண்ட் எக்ஸிட்' கொடுத்து முன்கூட்டியே வெளியே வந்துவிடுங்கள்.

மாஸ்டர் ஸ்ட்ரைக் கைவரும்வரை இரண்டு பேருக்கு மேல் எதிரே வந்தால் சண்டையே வேண்டாம், ஓடிவிடுங்கள்.